கம்பம்மெட்டு ஏறுபவருக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

கேள்வி: கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் ஏழு ஏக்கர் ஏலத்தோட்டம். சனிக்கிழமைதோறும் ஆட்களுக்குக் கூலிப் பணம் எடுத்துக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போகிறேன். கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல்தான் சரி என்கிறார் மைத்துனர். கடைக்காரர் ரிவால்வர் எடுக்கச் சொல்கிறார். எனக்கு வயது 54. வேட்டிதான் கட்டுவேன். பணம், சாவி எல்லாம் இடுப்பில் அகலப் பச்சை பெல்ட்டில் இருக்கும். துப்பாக்கியும் அதற்குள்ளேயே அடங்கினால் நல்லது. எதை வாங்கலாம் ஐயா?

பதில்: கடைக்காரர் பக்கம்தான் நான். காரணம் சொல்வதற்கு முன்னால், அந்த லைசென்ஸை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். எந்தப் பகுதிக்குள் அது செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிய அடுத்த அடியில் உங்கள் இடுப்பில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. வீடு தேனி மாவட்டத்தில், தோட்டம் இடுக்கியில் என்று இருப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். தினமும் போய்வந்து பழகிய பாதை என்பதால் நடுவில் ஒரு மாநில எல்லை ஓடுவதே மறந்துபோகும். போலீஸ்காரருக்கு மறக்காது. கேரளத்தையும் சேர்த்துத் தரச் சொல்லி, தோட்டத்து ஆவணங்களின் நகலோடு கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அது கையில் வந்த பிறகு துப்பாக்கி மலை ஏறட்டும்.

அப்பா காலத்துத் தோட்டாத் துப்பாக்கி ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று.

வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளலாமா என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நம் நாட்டில் அது சலுகை இல்லை, கட்டாயம். 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். டீக்கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டினால் லைசென்ஸே போய்விடும்.

ரிவால்வரில் தோட்டாக்கள் சுற்றும் சிலிண்டரில் இருக்கும்; பிஸ்டலில் பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். சரி, டபுள் ஆக்‌ஷனுக்கு வருவோம். துப்பாக்கியின் பின்பக்கம் சின்னச் சுத்தியல் மாதிரி இருப்பது ஹேமர். சிங்கிள் ஆக்‌ஷனில் அதை முன்கூட்டியே பின்னால் இழுத்து நிறுத்திவிட வேண்டும்; அதை விடுவிப்பது மட்டும்தான் ட்ரிக்கரின் வேலை. டபுள் ஆக்‌ஷனில் ட்ரிக்கருக்கு இரண்டு வேலை. விரல் அழுத்த அழுத்த ஹேமர் பின்னால் போகும், கடைசியில் ட்ரிக்கரே அதை விடுவிக்கும். இரண்டு வேலை என்பதால் இழுப்பு கனம், பொதுவாக நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை வரும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை ஒரே விரலில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். சிங்கிள் ஆக்‌ஷனில் இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும், தொட்டால் போதும் என்கிற மாதிரி.

இடுப்பில் வைத்திருப்பவருக்கு அந்தக் கனம் நல்லது. பதற்றத்தில் விரல் பட்டுவிட்டால்கூட உடனே வெடிக்காது. ஆனால் அதே பதற்றத்தில் நீங்கள் சுட நினைத்தால், அந்த நீளமான இழுப்பில் குழல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். டபுள் ஆக்‌ஷன் வாங்குகிறவர் இந்த இழுப்பைப் பழகத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் இரும்பு.

பிஸ்டலில் இன்னொரு சிக்கல் உண்டு. டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில் முதல் குண்டுக்குத்தான் கனமான இழுப்பு. அது வெடித்ததும் பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் வந்து ஹேமரைத் தானே மடக்கிவிடும். இரண்டாவது குண்டு லேசான இழுப்பில் போய்விடும். ஐந்து கிலோவுக்குத் தயாரான விரல் இரண்டு கிலோ ட்ரிக்கரில் விழும்போது, நீங்கள் நினைப்பதற்கு முன்பே அது வெடிக்கும். அப்புறம், சுட்டு முடித்தபின் ஹேமர் மடங்கியே நிற்கும். டிகாக்கிங் லீவரை அழுத்தி இறக்கிவிட்டுத்தான் உறையில் வைக்க வேண்டும். கை நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது நினைவுக்கு வருமா? மாதம் நாலு முறை ரைஃபிள் கிளப்புக்குப் போகிறவருக்கு வரும். ஏலக்காய் விலையைப் பார்த்துக்கொண்டு தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற உங்களுக்கு வரும் என்று நான் நம்பவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கே இப்போது வராது.

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் இந்த இரட்டைக் கணக்கு இல்லை. முதல் குண்டுக்கு எப்படியோ ஆறாவதுக்கும் அதே இழுப்பு. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் போதும், சிலிண்டர் சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படி ஆனால் ஸ்லைடை இரண்டு கையாலும் இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். ஒரு கையில் பணப்பை இருந்தால் என்ன செய்வீர்கள்?

மைத்துனர் சொல்வதில் நடைமுறைத் தடை ஒன்றும் இருக்கிறது. இராணுவத்தின் 9 எம்எம் தோட்டா போடும் பிஸ்டல் நமக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸ்தாரருக்குக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 (அங்குலக் கணக்கில் குழல் அளவு) தான். தனியாருக்கான வெளிநாட்டு இறக்குமதி 1980களிலேயே நின்றுவிட்டது. டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல் என்று தேடினால் கைமாறிக் கைமாறி வரும் பழைய வால்தர் பிபி, பிபிகே மாதிரிதான் கண்ணில் படும். பிபி 1929-லும் பிபிகே 1931-லும் வந்த வடிவங்கள். அருமையான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்தாலோ மேகசின் உதடு நெளிந்தாலோ மாற்றுப் பாகத்துக்கு எங்கே அலைவீர்கள்? விலையும் பாகத்துக்கு இல்லை, பெயருக்கு.

கடையில் எந்தப் பிஸ்டலைக் காட்டினாலும் அது நிஜமாகவே டபுள் ஆக்‌ஷனா என்று நீங்களே பார்த்துவிடலாம். மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். ஹேமரைக் கீழே இறக்கிவிட்டு, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி ட்ரிக்கரை இழுங்கள். ஹேமர் எழுந்து விழுந்தால் டபுள் ஆக்‌ஷன். அசையாமல் இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது சிங்கிள்தான். பிஸ்டல் என்றாலே டபுள் ஆக்‌ஷன் என்று நினைப்பவர்கள் நிறைய.

நம் ஊர்த் தயாரிப்பில் கான்பூர் ரிவால்வர்களைப் பாருங்கள். 2014-ல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டானியக் கலவையில் செய்தது, எடை அரைக் கிலோதான். பழைய ஆங்கிலேயர் காலத்து வெப்லி ரிவால்வர் மாதிரி நடுவில் மடக்கித் தோட்டா போடுவது. 2023-ல் வந்த ‘பிரபல்’ ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். எடை 700 கிராம், குழல் 76 மில்லிமீட்டர். மைத்துனர் அரைக் கிலோவைத்தான் கைகாட்டுவார். நான் 700 கிராமைச் சொல்வேன். கனமான ட்ரிக்கரை இழுக்கும்போது லேசான துப்பாக்கி அதிகம் ஆடும். கையில் கொஞ்சம் எடை இருந்தால் குழல் நிற்கும். இடுப்பில் 200 கிராம் வித்தியாசம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆனாலும் என் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போடச் சொல்லி, குழலின் முன்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்து, ட்ரிக்கரை நிதானமாக இழுங்கள். நாணயம் விழாமல் ஹேமர் விழ வேண்டும். முதலில் விழும், எல்லோருக்கும் விழும். பன்னிரண்டு முறை இழுத்தும் விரல் நடுங்காமல், நாலைந்து முறையாவது நாணயம் நின்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஒத்துவரும். ஆறாவது தடவையிலேயே இரண்டாவது விரலைத் துணைக்குத் தேடினால் வேறு பாருங்கள். விரலின் முதல் மடிப்பு ட்ரிக்கரில் சௌகரியமாக உட்காருகிறதா என்பதையும் கவனியுங்கள். பிடி பெரிதாக இருந்தால் நுனி மட்டும்தான் எட்டும், அந்த நுனிக்கு ஐந்து கிலோ இழுக்கும் பலம் இருக்காது.

தோட்டா வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ரிவால்வர் தோட்டா, பிஸ்டல் தோட்டா இரண்டிலும் .32 என்றுதான் இருக்கும். இரண்டும் வேறு. ரிவால்வருடையது நீளம், அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மாற்றிப் போடக்கூடாது. தோட்டத்தில் பன்றி வந்தால் உதவுமா என்றும் சிலர் கேட்பார்கள். .32-க்குப் பன்றி கோபம்தான் கொள்ளும், அதைச் சுட்டால் வனத்துறையும் கொள்ளும். தேக்கடி சரணாலயத்துக்குள் போகிற நாளில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும், அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே போவதே குற்றம்.

இனி அந்தப் பச்சை பெல்ட். அதற்குள் மட்டும் வைக்காதீர்கள். நான் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, இருந்த காலத்தில் ஒரு மிளகு வியாபாரி ரிவால்வரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். பார்த்தால் ரிவால்வரில் ஒரு குறையும் இல்லை. பெல்ட் பையில் சாவிக்கொத்தோடு போட்டு வைத்திருக்கிறார். ஜீப் குலுக்கலில் சாவி வளையம் ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளைவுக்குள் நுழைந்துகொண்டது. கடை வாசலில் இறங்கி சாவியை வெடுக்கென்று இழுத்தார். குண்டு வேட்டியைப் பொசுக்கிக்கொண்டு தரையில் போனது. ஐந்து கிலோ இழுப்பு விரலிடம்தான் பொறுமை காட்டும், சாவிக்கொத்திடம் காட்டாது. ட்ரிக்கரை முழுக்க மூடும் தனி உறை வேண்டும், வாய்ப்பக்கம் பட்டன் வார் வைத்தது. வேட்டிக்கு மேல் ஒரு கெட்டியான தோல் பெல்ட் கட்டி, அதில் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் உறையை மாட்டி, சட்டையை வெளியே விட்டுவிடுங்கள். பணம் பச்சை பெல்ட்டிலேயே இருக்கட்டும். மேலே போனால் குளிருக்கு ஜெர்கின் போடுவீர்கள். ஜிப்பை முழுக்க ஏற்றிவிட்டால் கை உள்ளே போகாது. அதையும் வீட்டில் காலித் துப்பாக்கியோடு உட்கார்ந்தும் நின்றும் பத்து முறை எடுத்துப் பழகுங்கள்.

ஹேமருக்குக் கீழே தடுப்புப் பட்டை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இருந்தால் கீழே விழுந்தாலும் ஹேமர் தோட்டாவைத் தொடாது. அவர் மழுப்பினால், சிலிண்டரில் ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா போடுங்கள். ட்ரிக்கரை இழுத்ததும் சிலிண்டர் சுற்றி அடுத்த அறை வந்துவிடும் என்பதால் முதல் இழுப்பு வீணாகாது.

வண்டன்மேட்டு மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவிப் பூட்டி வையுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குள்ளேயே விட்டால் துரு ஏறும். தோட்டாக்களைத் தோல் வாரில் செருகி வைப்பவர்கள் ஒன்றை உருவிப் பாருங்கள். பித்தளை தோலைத் தொட்ட இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், அந்தத் தோட்டா சேம்பருக்குள் பாதியில் சிக்கும். தோட்டாவை அதன் அட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுக்கும்போது ரசீதில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் குழலுக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே யாரும் அதற்கு எண்ணெய் போட்டிருக்க மாட்டார்கள்.