கரியும் கெமராவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர்தரத்தில் சித்திரம் எடுத்துப் படித்தேன். இப்போது அடுப்புக்கரியால் ஒரு தாளில் வரைந்து, கொஞ்சம் அழித்து, திரும்ப வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஃபோனில் படம் பிடித்து ஓடவிடுகிறேன். கார்ட்டூன் மாதிரி கதை ஒன்றும் கிடையாது, மலை வரும், ஆட்கள் வந்து போவார்கள். வீட்டில் இதை விளையாட்டு என்கிறார்கள், கொழும்பில் கடை வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். இதையே தொழிலாக வைத்து வாழ்ந்தவர்கள் இருக்கிறார்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?
- வாசகி, தலவாக்கலை

பதில்: இருக்கிறார்கள் தங்கச்சி. நீங்கள் செய்கிற அதே வேலையை, அதே கரியால் செய்து உலகமே பார்க்கிற இடத்துக்கு வந்த ஒருவர் இருக்கிறார். பெயர் வில்லியம் கென்ட்ரிஜ், 1955ல் தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பேர்க்கில் பிறந்தவர். சுவரில் ஒரு பெரிய தாளைக் குத்திவைத்து வரைவார், அறையின் அந்தப் பக்கம் நிற்கிற கெமராவுக்கு நடந்துபோய் ஒன்றிரண்டு ஃபிரேம் எடுப்பார், திரும்பி வந்து கொஞ்சம் அழித்து மாற்றுவார், மறுபடி நடப்பார். ஆயிரக்கணக்கான தாள் தேவைப்படுகிற இந்த வேலையில் அவருக்கு ஒரு படத்துக்குச் சில பத்துத் தாள்கள் போதும். கரியை எவ்வளவு அழித்தாலும் முழுசாகப் போகாது அல்லவா, அந்தச் சாம்பல் தடத்தை அவர் மறைக்கவில்லை, போன ஆள் போன பிறகும் அவருடைய தடம் தாளில் கிடக்கும்.

1991ல் அவர் எடுத்த ‘மைன்’ என்ற படத்தில், சுரங்க முதலாளி கோடு போட்ட கோட் சூட்டோடு கட்டிலில் உட்கார்ந்து காலைக் கோப்பி குடிக்கப் பார்க்கிறார். கோப்பித்தூளை அடியில் அமுக்கி வடிக்கிற பாத்திரத்தின் கம்பியை அமுக்குகிறார், அது பாத்திரத்தோடு நிற்காமல் தட்டைத் துளைத்து, கட்டிலைத் துளைத்து, பூமிக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. வழியில் தொழிலாளர்கள் குளிக்கிற இடம், அடுக்கடுக்காகப் படுத்துக் கிடக்கிற இடம், அதற்கும் கீழே பாறையைத் துளைக்கிற ஆட்கள். ஆறு நிமிடம்கூட ஓடாத படம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த யாருக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாம் தேயிலைக் கோப்பையை வைத்து இன்னொன்று செய்யக் கூடாது, அது அவருடையது. கொழுந்து மடுவத்தில் கூடையைத் தொங்கவிட்டதும் தராசு முள்ளையும், எழுதுகிறவரின் பேனாவையும், எத்தனை கிலோ கழிக்கப் போகிறார்களோ என்று மாறி மாறிப் பார்க்கிற ஒரு பெண்ணின் கண் இருக்கிறதே, அதை வேறு எந்த நாட்டுக்காரரும் வரையப் போவதில்லை.

சரி, சாப்பாட்டு விஷயம். கென்ட்ரிஜ் பல்கலைக்கழகத்தில் படித்தது அரசியலும் ஆபிரிக்கக் கற்கைகளும். பிறகு ஓவியப் பள்ளியில் படித்து, செதுக்கச்சு (உலோகத் தகட்டில் கீறிப் படம் அச்சிடுகிற கலை) சொல்லிக்கொடுத்து, பாரிஸுக்குப் போய் நாடகம் பயின்று, ஊர் திரும்பி டி.வி. தொடர்களுக்குக் கலை இயக்குநராக வேலை பார்த்தார். பெயர் வாங்கிக் கொடுத்த கரிப்பட வரிசையில் முதலாவது 1989ல் வந்தபோது அவருக்கு 34 வயது, ஜேர்மனியின் டொக்குமென்டா என்ற பெரிய கலைக் கண்காட்சிக்கு 1997ல் போனபோது 42. பெரிய வழக்கறிஞரின் மகன், விழுந்தால் தாங்கிப் பிடிக்க வீடு இருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி வீடு இல்லாதவர்கள் கூலிக்குச் செய்த வேலைக்குள்ளேயே தங்கள் வேலையைச் செய்தார்கள். 1934ல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் காசில் ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற விவரணப் படம் வந்தது. பேசில் ரைட் இயக்கினார், ஜோன் கிரியர்சன் தயாரித்தார். அதில் ஒலிக்கிற விவரிப்பு பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியது, கொழுந்து பறித்தவர்களின் குரல் இல்லை, அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. அதே கிரியர்சன் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் படப் பிரிவை நடத்தியபோதுதான் நியூசிலாந்துக்காரரான லென் லை 1935ல் கெமராவே இல்லாமல் ஃபிலிம் சுருளின் மேலேயே வண்ணம் தீட்டி ஒரு படம் செய்தார், கடைசியில் பார்சல் தபாலுக்கு விளம்பரம் வரும், அதற்காகத்தான் காசு கொடுத்தார்கள். நோர்மன் மெக்லாரன் என்ற ஸ்கொட்லாந்து இளைஞரையும் கிரியர்சன்தான் வேலைக்கு எடுத்து, 1941ல் கனடாவின் தேசிய திரைப்படச் சபைக்கும் கூட்டிக்கொண்டார். மெக்லாரன் அந்த அரசாங்கச் சம்பளத்தில் இருந்துகொண்டே ஃபிலிமைக் கீறி ஓசை உண்டாக்கிப் பார்த்தார், உயிருள்ள மனிதர்களைப் பொம்மை மாதிரி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்த படத்துக்கு ஒஸ்காரும் வாங்கினார். நடுவில், 1949ல், யுனெஸ்கோ அவரைச் சீனாவுக்கு அனுப்பியது, குறைந்த செலவில் சுகாதாரப் படங்கள் செய்ய அங்குள்ள கலைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க.

நமக்கு இந்த வழிதான் ஒத்துவரும் என்பது என் எண்ணம். தோட்டத்துப் பிள்ளைகளின் ஊட்டச்சத்து, டெங்கு, சிறுவர் பாதுகாப்பு என்று குறும்படம் கேட்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, கல்யாண வீடியோ எடிட்டிங்கும் நல்ல வேலைதான். உங்களுடைய பெறுபேறு இடம் கொடுத்தால் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திரமும் வடிவமைப்பும், இரண்டையும் பாருங்கள். உளச்சார்புப் பரீட்சைக்குத் தனி விண்ணப்பம் உண்டு, திகதியை விட்டுவிடாதீர்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போய் ஆசிரியரானாலும் கலையை விட்டுவிட்டதாக யாரும் சொல்ல முடியாது, கென்ட்ரிஜ் செய்ததும் அதுதானே. கடை வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள், வாரத்தில் ஒரு இரவை மட்டும் தாளுக்கு என்று ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மகன் கொழும்பில் அனிமேஷன் டிப்ளோமா படிக்க வேண்டும் என்கிறான். கட்டணம் எங்களால் சமாளிக்க முடியாத அளவு. கடன் வாங்கலாமா?
- ஒரு தந்தை, ஹப்புத்தளை

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. முதலில் அரை நிமிடப் படம் ஒன்றைத் தானாகச் செய்து காட்டச் சொல்லுங்கள், ஃபோனே போதும். ஒரு செக்கனுக்கு 12 படம் என்றால் அரை நிமிடத்துக்கு 360. அதை முடிக்கிற பொறுமை இருந்தால் பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும் அந்த நிறுவனத்துக்கு நேரில் போய், முடித்து வெளியேறிய பிள்ளைகள் செய்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். கம்பியூட்டர்களை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: வீடியோ கலைக்கும் குறும்படத்துக்கும் என்ன வித்தியாசம்?
- வாசகர், பதுளை

பதில்: குறும்படத்தை உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து பார்ப்போம். வீடியோ கலையில் டி.வி. பெட்டி, அது இருக்கிற இடம், பார்க்கிற ஆள் எல்லாமே படைப்புக்குள் வந்துவிடலாம். கொரியாவின் சோல் நகரில் பிறந்த ‘நாம் ஜூன் பைக்’ என்ற கலைஞர் 1974ல் ஒரு பழைய புத்தர் சிலையை ஒரு டி.வி.க்கு முன்னால் வைத்தார், டி.வி.க்குப் பின்னால் ஒரு கெமரா, அது சிலையை எடுத்து அப்போதைக்கப்போது அதே டி.வி.யில் காட்டும். புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார், கதையும் இல்லை, முடிவும் இல்லை. நீங்கள் எட்டிப் பார்த்தால் நீங்களும் திரையில் தெரிவீர்கள்.

கேள்வி: ஃபோனில் எடுத்த படங்களைச் சேர்த்து ஓடவிட்டால் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னுகிறது. தாளும் நெளிகிறது.
- வாசகர், லிந்துலை

பதில்: ஜன்னலோரம் வேலை செய்கிறீர்கள் போலிருக்கிறது. நம் பக்கத்தில் மூடுபனி வந்து போகிற வேகத்துக்கு வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஜன்னலை மூடிவிட்டு இரண்டு எல்.ஈ.டி. பல்பைப் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். ஃபோனில் ஃபோகஸையும் ஒளியளவையும் பூட்டிவிடுங்கள், தானாக மாற விடாதீர்கள். ஃபோனை விரலால் அழுத்தினால் ஆடும், இயர்ஃபோன் வயரில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் பல ஃபோன்களில் படம் விழும். தாள் நெளிவது ஈரத்தால், நாலு ஓரத்தையும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் வரையத் தொடங்க வேண்டும். அப்புறம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்காதீர்கள், நீங்கள் அசைகிற ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளை தாளில் பட்டுத் தெறிக்கும். கறுப்பு ரீசேர்ட் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.