ஓலைப் பெட்டியை எங்கே விற்பது?

கேரளத்தில் கோவளம், வர்க்கலா பக்கம் கொண்டுபோங்கள். மார்த்தாண்டத்தில் செய்கிற 400 ரூபாய் பனையோலைப் பெட்டியைக் கன்னியாகுமரியில் எந்தக் கடையும் எடுக்கவில்லை என்கிறீர்கள். அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் போய்விட்டு அன்றே கிளம்புகிறவர்கள், கையில் எடுப்பது சங்கும் பாசிமாலையும்தான். பெட்டியில் குறை இருக்காது, விலை அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தவில்லை.

கோவளத்தில் சீசன் நவம்பரில் சூடுபிடிக்கும். அக்டோபரிலேயே போய் ரிசார்ட் கடைகளில் கேளுங்கள், விற்றால் காசு என்ற பேச்சில் பத்துப் பெட்டி மட்டும் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை, விலை, கமிஷன் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள் (சிரித்துப் பேசுகிற கடைக்காரரிடம் கண்டிப்பாக). ஒரு மாதம் கழித்து எந்த அளவு, எந்தச் சாயம் விற்றுப்போயிருக்கிறது என்று பாருங்கள். கடல் ஈரத்தில் ஓலை பூஞ்சை பிடிக்கும், அதனால் நன்றாகக் காய்ந்ததை மட்டும் கொடுங்கள்.

ஆன்லைன் என்றால் ஒரு சிக்கல். 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவில்லாத சிறு வியாபாரிகளும் தளங்களில் பொருள் விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். களியக்காவிளை தாண்டினாலே வேறு மாநிலம். வேறு மாநிலக் கடைக்கு நேரில் கொடுக்கிற கைவினைப் பொருளுக்கு ஜிஎஸ்டி பதிவில் சலுகை உண்டு, அதற்கும் பான் எண், இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) கேட்பார்கள். ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் சரக்கை ஏற்றுங்கள்.