புவாரோவுக்கு என்ன வயது?

கேள்வி: அகதா கிறிஸ்டியின் 'கர்ட்டன்' நாவலை இப்போதுதான் வாசித்தேன். 1920இல் வந்த முதல் நாவலிலேயே அவருடைய துப்பறிவாளர் புவாரோ ஓய்வுபெற்ற போலீஸ்காரர். 1975இல் வந்த இதிலும் துப்பறிகிறார். கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய எழுத்தாளருக்குக் கணக்கு வராதா?
- வாசகர் ஒருவர், புனலூர்

பதில்: உங்களுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது. வழக்கைத்தான் தப்பான புத்தகத்தின் மேல் போட்டுவிட்டீர்கள். 1975 என்பது 'கர்ட்டன்' அச்சான வருஷம். கிறிஸ்டி அதை எழுதியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். தான் போன பிறகு வரட்டும் என்று பூட்டி வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்தது. மூட்டுவாதத்தோடு சக்கர நாற்காலியில் இருக்கும் அந்தக் கிழவரை நாற்பதுகளின் ஆளாக வைத்துப் பாருங்கள். புகாரில் பாதி கரைந்துவிடும்.

மீதிப் பாதி நியாயம்தான். முடிவை எழுதிப் பூட்டிவிட்டு, வெளியே 1972 வரை புதுப்புது நாவல்களில் மனிதரை ஓட்டிக்கொண்டே இருந்தாரே, அங்கே கேளுங்கள். புவாரோவை இவ்வளவு வயதானவராக ஆரம்பித்தது தப்பு என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1966இல் வந்த 'தேர்ட் கேர்ள்' நாவலில், கொலை செய்துவிட்டேனோ என்ற பயத்தோடு ஒரு பெண் புவாரோவைத் தேடி வருகிறாள். ஆளைப் பார்த்ததும், உங்களுக்கு ரொம்ப வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயே போய்விடுகிறாள். நீங்கள் இரண்டாவது ஆள், ஐயா.

1920இல் எங்கள் செங்கோட்டையும் உங்கள் புனலூரும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல் நாங்கள் மலைக்கு இந்தப் பக்கம், சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். ஒரு ஊரே ராஜ்யம் மாறிவிட்டது. புவாரோ தலைக்குச் சாயம் பூசியதோடு சரி. (கிண்டல் இல்லை. 1936இல் வந்த 'ஏபிசி மர்டர்ஸ்' நாவலில் சாய பாட்டிலை நண்பர் ஹேஸ்டிங்ஸிடம் அவரே காட்டுகிறார்.)

அப்புறம், தமிழ்வாணனின் சங்கர்லாலிடமோ, உங்கள் பக்கத்து மலையாள எழுத்தாளர் கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறிவாளர் மார்க்சினிடமோ என்றைக்காவது பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறீர்களா? வெள்ளைக்காரர் என்றால் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

எனக்கு வருத்தம் வேறு. கடைசி நாவலை முதலில் எடுத்துவிட்டீர்கள். ஸ்டைல்ஸ் மாளிகையில் தொடங்கிய கதை அதே மாளிகையில்தான் முடிகிறது. 'கர்ட்டன்' கதையில் அது காசுக்கு ஆள் தங்கவைக்கும் விடுதி. பழைய நண்பர் ஹேஸ்டிங்ஸ் அங்கே வந்து இறங்கும்போது தொண்டை அடைக்க வேண்டும். முதல் நாவலை வாசிக்காதவருக்கு அது ஏதோ ஒரு லாட்ஜ், யாரோ ஒரு ஆள்.

'கர்ட்டன்' வெளிவருவதையொட்டி, 1975 ஆகஸ்ட் 6ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் புவாரோவுக்கு முதல் பக்கத்திலேயே இரங்கல் செய்தி போட்டது. அதில் என்ன எழுதினார்கள் தெரியுமா? வயது தெரியவில்லை என்று.