அம்மாவோடு ஒரே நாளில் நெடுந்தீவு: முடியும், ஆனால்...

எழுபது வயது அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் கடலுக்கு அப்பால் இருக்கும் நெடுந்தீவுக்குக் கூட்டிப்போய் சாயங்காலமே திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், ஆனால் காலைப் படகை விட்டுவிட்டால் அன்றைய நாளே போச்சு. குறிகட்டுவான் படகுத்துறை வரை பஸ் இருக்கிறது, அங்கிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். படகு நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள், திரும்பும் கடைசிப் படகையும் சேர்த்து. அம்மாவுக்குச் சிரமம் கடலில் இல்லை, படகில் ஏறி இறங்குவதில்தான். காற்று பலமான நாளென்றால் போகவே வேண்டாம்.

இறங்கியதும் ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள், அந்த வெயிலில் நடக்க முடியாது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது இடிந்த சுவர்கள்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எனக்கென்னவோ கோட்டையைவிட வீட்டு வேலிகள்தான் பிடிக்கும்: சாந்தே இல்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டியவை, கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் மூளை மடிப்பு மாதிரி வரிகள் தெரியும். பெருக்கமரமும் (பாவோபாப்) வெட்டவெளியில் மேயும் குதிரைகளும் வழியிலேயே வந்துவிடும். நல்ல தண்ணீர் அங்கே அரிது, அதனால் குடிக்கத் தேவையானதை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போவது நல்லது.