விபத்தில்லாத 100 நாளுக்குப் பிரியாணி போடலாமா?

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் அப்பா ஆரம்பித்த பிரஸ் ஷாப்பை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிறோம், அதாவது தகட்டை பிரஸ் மெஷினில் அழுத்தி வெட்டியெடுக்கிறோம். நிரந்தர ஆட்கள் 40 பேர், கான்ட்ராக்டில் வட மாநிலப் பையன்கள் 25 பேர். 100 நாள் விபத்தில்லாமல் ஓடினால் எல்லாருக்கும் பிரியாணியும் எவர்சில்வர் டிபன் கேரியரும் என்பது அப்பா காலத்து வழக்கம். போன முறை 94-வது நாளில் ஒரு பையனுக்கு விரல் நுனி கிழிந்துவிட்டது. தனியார் கிளினிக்கில் தையல் போட்டு, மறுநாளே பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியவந்ததே இரண்டு வாரம் கழித்துத்தான். அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டு, ஆபத்தைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டால் சீட்டுக்கு 200 ரூபாய் என்று அறிவித்தேன். ஒரே மாதத்தில் பெட்டி நிரம்பிவிட்டது. பாதிக்கு மேல் "ஃபேன் சத்தம் போடுது", "டீயில சர்க்கரை இல்லை" ரகம். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். "கண்ணைத் திறந்து வேலை பார்க்கிறது அவங்க கடமை, அதுக்கு எதுக்குத் தனியா காசு?" என்கிறார் அப்பா. என்னதான் செய்வது?

– பெயர் வேண்டாம், கோவை

பதில்: பிரியாணியை நிறுத்தியது சரி. சீட்டுக்கு 200 ரூபாயையும் நிறுத்திவிடுங்கள். முதல் திட்டம் காயத்தை மறைக்கக் காசு கொடுத்தது. இரண்டாவது, சீட்டு எழுதக் காசு கொடுக்கிறது. ஓர் ஆபத்து உங்கள் ஷாப்பை விட்டுப் போனால், அதற்குக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் அந்தப் பையன் விஷயம். பேக்கிங்கில் உட்கார வைத்தவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். மீதி 64 பேருடைய டிபன் கேரியர் அவன் ஒரு விரலில் தொங்கியது; அவனே கூட "பரவாயில்லை, வேலைக்கு வர்றேன்" என்று சொல்லியிருப்பான். ஆனால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். வேலையில் பட்ட காயம் என்று இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போயிருந்தால், டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டில் அடிபட்டது என்று ஆகிவிட்டால் அது வெறும் நோய்க்கால உதவித்தொகை: 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான், போதுமான நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கவும் வேண்டும். நாளைக்கு அந்த விரல் சரியாக மடங்கவில்லை என்றால் நிரந்தர ஊனத்துக்கான தொகை கேட்கவும் அந்த அறிக்கைதான் ஆதாரம். கான்ட்ராக்ட் ஆள் என்றாலும் இ.எஸ்.ஐ. கணக்கில் முதன்மை முதலாளி நீங்கள்தான். இன்னும் அனுப்பவில்லை என்றால் இந்த வாரமே அனுப்புங்கள். தாமதத்துக்கு உண்மையான காரணத்தையே எழுதுங்கள்.

நாள் கணக்கு எவ்வளவு தூரம் கண்ணைக் கட்டும் என்பதற்கு டீப்வாட்டர் ஹொரைசன் ஒன்றே போதும். 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவில் இருந்த அந்த எண்ணெய்த் துரப்பண மேடைக்கு கம்பெனி மேலதிகாரிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். வேலை நாள் இழப்பு ஏற்படுத்தும் விபத்தே இல்லாமல் ஏழு வருடம் ஓட்டியதற்கு ஊழியர்களைப் பாராட்டுவதும் அன்றைய வேலைகளில் ஒன்று. அன்று ராத்திரியே கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். மேடையின் சொந்தக்காரரான டிரான்ஸோஷன் கம்பெனி அடுத்த வருடம் தன் கணக்குப்படி 2010-தான் பாதுகாப்பில் மிகச் சிறந்த ஆண்டு என்று சொல்லி, மேலதிகாரிகளுக்கு அதற்காக போனஸும் அறிவித்தது. ஊரே காறித் துப்பிய பிறகு அந்தப் பணத்தை இறந்தவர்களின் குடும்பங்களுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள். வழுக்கி விழுந்தவர்களையும் கை நசுங்கியவர்களையும் எண்ணிக்கொண்டிருந்த கணக்கில் கிணற்றுக்குள் ஏறிய அழுத்தத்துக்கு இடமே இல்லை.

உங்கள் ஷாப்புக்கு வருவோம். பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் இருக்கிறது அல்லவா? மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் அந்தப் பட்டன்களைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பட்டனின் ஓரத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து, நாணயம் செருகிய தடம் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நாணயம் இல்லாவிட்டால் மடித்த அட்டை. ஒரு பட்டனை அப்படி நிரந்தரமாக அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை ஃப்ரீ. அந்தக் கையால் பீஸை எடுத்துக்கொண்டே மறு கையால் அடிக்கலாம், பீஸ் எண்ணிக்கை ஏறும். விரல் போவதும் இப்படித்தான்.

இதைப் பற்றி உங்கள் பெட்டியில் ஒரு சீட்டாவது விழுந்ததா? விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். எழுதினால் பக்கத்து மெஷின்காரனைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 200 ரூபாய்க்காக யாரும் அந்தப் பழியைச் சுமக்க மாட்டார்கள், சுமக்கவும் கூடாது. ஆகவே முதல் விதி: சீட்டில் ஆள் பெயர் வரக்கூடாது, மெஷின் நம்பர் மட்டும். யாரையாவது குறிப்பிட்டு வரும் சீட்டுக்குப் பரிசு கிடையாது என்று எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.

நாணயம் வைத்தவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நாணயம் வைத்தும் மெஷின் ஓடுகிறது என்றால் உங்கள் சர்க்யூட் பழசு. இரண்டு பட்டனையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அதாவது அரை விநாடி இடைவெளிக்குள் அழுத்தினால்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு இரண்டையும் விட்டுவிட்டுத்தான் மறுபடி அழுத்த முடிய வேண்டும். இதற்கென்றே ரிலே (தானாக இயங்கும் மின் சுவிட்ச்) கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டால் நாணயம் செருகியதும் பிரஸ் நின்றுவிடும், பிறகு யாரும் செருக மாட்டார்கள். கூடவே பீஸ் ரேட்டையும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கையையும் வைத்து அடித்தால் எட்டாத டார்கெட் என்றால், நாணயத்தைச் செருகச் சொல்வதே நீங்கள்தான்.

பரிசை இந்தக் கண்ணோடு பிரியுங்கள். ஒருவர் வந்து "இங்கே 'கையை விடாதே' என்று போர்டு வைக்கலாம்" என்கிறார். இன்னொருவர், "டையில் (வெட்டும் அச்சில்) ஒட்டிக்கொள்கிற பீஸைத் தட்டிவிட ஒரு காற்றுக் குழாய் கொடுத்தால் கை உள்ளேயே போகாது" என்கிறார். முன்னவருக்கு நன்றி போதும். பின்னவருக்குத்தான் பணம், ஏனென்றால் கை உள்ளே போக வேண்டிய அவசியத்தையே அவர் ஒழித்துவிட்டார். சீட்டு எழுதிய அன்றைக்கு ஒரு டோக்கன். வேலை முடிந்து, அந்த மெஷினில் ஓட்டுகிறவரே "இப்ப சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்ட அன்றைக்கு முழுப் பரிசு. மாதத்துக்கு ஒரு பெரிய பரிசு வைத்தால் போதும். என்னைக் கேட்டால் இரண்டாயிரம் மூவாயிரத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சண்டை வரும். தேர்ந்தெடுக்கும் குழுவில் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர், ஷாப் ஃப்ளோரிலிருந்து இரண்டு பேர் இருக்கட்டும். நீங்கள் அந்தக் குழுவில் உட்காராதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சரிசெய்தால் பரிசு என்றதும் யாராவது பேனலைத் திறந்து கையை விட்டுவிடுவார்கள். தரையில் சிந்திய எண்ணெயைத் துடைப்பது, வழியை அடைத்த ஸ்கிராப் தொட்டியை நகர்த்துவது, இதெல்லாம் கண்டவரே செய்யலாம். கரண்ட், பிரேக், கிளட்ச், டை கிளாம்ப், சேஃப்டி கார்டு என்றால் மெஷினை நிறுத்திவிட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிடுவதோடு அவர் வேலை முடிந்தது. பரிசு அவருக்கும் உண்டு. நிறுத்தின நேரத்துக்குக் கூலியும் பிடிக்கக் கூடாது. இதை எழுதி ஒட்டாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

அப்பாவுக்கு என்ன சொல்வது? ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்புப் போடுவதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே முதலாளி தலையில்தான் வைத்தது. உங்கள் கடமையில் விட்டுப்போனதை ஒருவர் கண்டுபிடித்துத் தருகிறார், அதற்குக் கொடுக்கிறீர்கள். மத்திய அரசின் விஸ்வகர்மா ராஷ்ட்ரிய புரஸ்கார் விருதும் இந்த மாதிரி யோசனை சொன்ன தொழிலாளிகளுக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. இதையும் சொல்லிப் பாருங்கள். பழைய ஆட்களுக்கு அரசாங்கம் செய்தால் ஒரு மரியாதை வரும்.

சூப்பர்வைசர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டும் தன் மேல் புகார் என்று அவருக்குத் தோன்றும். அவர் பகுதியில் எத்தனை சீட்டு வந்தது என்று கேட்கவே கேட்காதீர்கள். வந்ததில் எத்தனை முடிந்தது என்று மட்டும் கேளுங்கள், முடித்ததில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். ஒரே மாதத்தில் அவரே சீட்டு எழுதச் சொல்லுவார்.

அந்தச் சர்க்கரைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியைத் திறந்து படிக்கிறீர்களா என்று சோதித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். டீயில் சர்க்கரை போடச் சொல்லிவிடுங்கள். சத்தம் போடும் ஃபேனைக் கழற்றிக் கொக்கியைப் பாருங்கள், அது தேய்ந்திருக்கவும் கூடும். டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டி, வந்த சீட்டு, பொறுப்பாளர், முடிக்கும் தேதி மூன்றையும் எழுதுங்கள். முடியாது என்றால் முடியாது என்றும் காரணத்தோடு எழுதுங்கள். இரண்டு நாளுக்குள் பதில் வராத சீட்டைப் போட்டவர் அடுத்த சீட்டு எழுத மாட்டார்.

கடைசியாகக் கான்ட்ராக்ட் பையன்கள். ஆபத்தான மெஷினில் பெரும்பாலும் அவர்கள்தான் நிற்கிறார்கள், பெட்டியில் அவர்கள் கையெழுத்து இருக்காது. தமிழில் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவார்கள்? மெஷினை போனில் படம் பிடித்து, இந்தியிலோ ஒடியாவிலோ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். புரிந்துகொண்டு சொல்ல அவர்களிலேயே ஒருவர் இருப்பார். பரிசுப் பணத்தைக் கான்ட்ராக்டர் வழியாக அனுப்பாதீர்கள், பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லாரும் பார்க்க, நீங்களே கையில் கொடுங்கள்.