போச்சம்பள்ளியில் டைனோசர் இருந்ததா?

கேள்வி: ஐயா, வணக்கம். 'போச்சம்பள்ளியில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன' என்று எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் எங்கேயோ படித்துவிட்டான். லீவு நாளெல்லாம் குவாரிப் பக்கம் போய்க் கல்லைப் புரட்டுகிறான். அது நம் ஊர்தானா?
- ஒரு வாசகி, போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: பையன் படித்தது நிஜம்தான் அம்மா. ஆனால் அந்தப் போச்சம்பள்ளி மகாராஷ்டிராவில், கட்சிரோலி மாவட்டத்தின் சிரோஞ்சா வட்டத்தில் இருக்கிறது. பிராணஹிதா ஆறு கோதாவரியில் கலக்கிற பிரதேசம். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவன ஆய்வாளர்கள் அங்கே சுமார் 300 எலும்புகளை எடுத்தார்கள். பெரும்பாலானவை 1961-இல் கிடைத்தவை. குறைந்தது ஆறு விலங்குகளுடைய எலும்புகள். பற்கள் கிடைத்தன, மண்டை ஓடு ஒன்றுகூட இல்லை. கூடவே கல்லாகிப்போன பெரிய மரத்தண்டுகளும் கிடந்ததால், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கியிருக்கும் என்று நினைக்கிறார்கள். 1961 தாகூரின் பிறந்த நூற்றாண்டு. அதனால் 1975-இல் அந்த டைனோசருக்குப் பாராபாசாரஸ் டாகோரை என்று பெயர் வைத்தார்கள்.

எல்லோரும் அந்தப் பெரிய எலும்புகளைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த எலும்புகள் கிடைத்த 'கோட்டா' என்கிற அதே பாறை அடுக்கில் கிடைத்த வேறு பற்கள்தான் பெரிய புதையல். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் அலசி, மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கடுகளவுப் பற்கள்! டைனோசர்களின் காலடியில் வாழ்ந்த ஆதிப் பாலூட்டிகளுடையவை. அவற்றில் ஒன்று, 1981-இல் பெயர் பெற்ற கோட்டாதீரியம். எலும்பைத் தேடும் உங்கள் பையனிடம் இந்தச் சல்லடைக் கதையையும் சொல்லுங்கள்.

சரி, நம் ஊர்ப் பாறைக்கு வருவோம். கோட்டா அடுக்குகளின் வயது ஏறக்குறைய 18 கோடி ஆண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறைகளில் பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டுப் பழையவை. அப்போது பூமியில் நுண்ணுயிர்கள் மட்டும்தான். அதோடு இவை ஆறு கொண்டுவந்து படிய வைத்த வண்டல் அல்ல; பூமிக்கு அடியில் வெந்து, உருகி, நசுங்கி உருவானவை. பர்கூர்ப் பக்கம் பாலிஷ் போட்ட பலகைக் கல்லில் இளஞ்சிவப்பும் கறுப்புமாக வரிகள் நெளிகின்றனவே, அவை அந்தச் சூட்டின் அடையாளம். விரிசலில் செடி படர்ந்த மாதிரி கறுப்புக் கோலம் தெரிந்தால் அதையும் புதைபடிவம் என்று எண்ண வேண்டாம். மாங்கனீசு ஆக்சைடு அப்படிப் படரும்.

குவாரிக்குள் மட்டும் அவனை விடாதீர்கள் அம்மா, வெடி வைக்கிற இடம். அடுத்த லீவில் அரியலூர் கூட்டிப் போங்கள். டைனோசர்களின் கடைசிக் காலத்தில் கடலாக இருந்த பூமி அது. பக்கத்தில் வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முழு டைனோசர் எலும்புக்கூடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஐதராபாத் பிர்லா அறிவியல் மையம். கோட்டா அடுக்கிலிருந்தே எடுத்த கோட்டாசாரஸ் அங்கே நிற்கிறது.