'கைவிட்டு' என்று எழுதிய மகளுக்கு

கேள்வி: எனக்கு 28 வயது. மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடமாகக் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், வீடில்லாத குடும்பங்கள், இல்லங்களில் இருக்கும் சிறுவர்கள் என்று கிரானுக்கும் வாகரைக்கும் ஓடித் திரிகிறேன். சம்பளம் குறைவு, திட்டமும் டிசம்பரோடு முடிகிறது. இதை விடு, அரச வேலைக்குப் படி, இல்லாவிட்டால் கலியாணத்தைக் கட்டு என்று அம்மா தினமும் சண்டை. எனக்கு இந்த வேலையில்தான் மனம். போன கிழமைகூட ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை இல்லத்தில் சேர்க்க அறிக்கை எழுதினேன். தாய் பிள்ளையைக் கைவிட்டு வெளிநாடு சென்றுள்ளார், தகப்பன் வேறிடத்தில் வசிக்கிறார், பிள்ளை வயதான அம்மம்மாவுடன் இருக்கிறது. இப்படிப்பட்ட தாய்மாரை நினைத்தால் எரிச்சல் வருகிறது. என் அம்மாவும் எனக்கு ஆறு வயதில் குவைத் போனவர்தான், இப்போது இருக்கும் வீடும் அந்தக் காசில் கட்டியதுதான், ஆனால் அது வேற கதை. நான் இந்தத் தொழிலில் நிற்கவா, விடவா?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்:

மகள், 'மனமா, சம்பளமா' என்ற கடிதம் எனக்கு மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். அதற்குப் பதில் நாலு வரிதான், அதைக் கடைசியில் தருகிறேன். முதலில் உன் அறிக்கையைப் பார்ப்போம்.

தாய் 'கைவிட்டு' வெளிநாடு சென்றுள்ளார். தகப்பன் 'வேறிடத்தில் வசிக்கிறார்'. இரண்டையும் ஒரே வரியில் எழுதியது உன் கைதானே, திரும்ப ஒருமுறை வாசித்துப் பார். வீட்டுக்காரர் ஒருவர் வேறு வாடகை வீட்டுக்குப் போனமாதிரி தகப்பன் வேறிடத்தில் வசிக்கிறார். அந்த வேறிடம் எது? வாழைச்சேனையா, ஒரு பஸ் தூரமா? அவர் பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தாரா என்று கேட்டாயா? கேட்டிருந்தால் கடிதத்தில் வந்திருக்கும். தாயைப் பற்றியாவது, எந்த நாடு, எப்போது போனாள், காசு அனுப்புகிறாளா, போன் எடுக்கிறாளா? அதுவும் இல்லை. பதிலுக்கு இருப்பது உன் எரிச்சல் மட்டும்தான். அறிக்கையில் எரிச்சலை எழுத எந்த அலுவலகமும் உனக்குச் சம்பளம் தரவில்லை.

அந்தச் சொல் உன் கோப்போடு நிற்காது என்பது மூன்று வருடத்தில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் மேசைக்குப் போகும், பிறகு நன்னடத்தை உத்தியோகத்தருக்கு, பிறகு நீதிமன்றத்துக்கு. ஒவ்வொருவரும் தலைக்கு மேல் கோப்போடு இருப்பவர்கள், நீ எழுதியதைப் பார்த்து எழுதுவார்கள். நாலாவது கடதாசியில் அது உண்மையாகிவிடும். வீதியில் படுத்த ஏழையைக் குற்றவாளியாக்க 1841இல் வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்துக்கும் 'அலைந்து திரிபவர்' என்ற ஒரு சொல்தானே போதுமாக இருந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு சூடாகச் சொல்கிறேன் என்றால், நானும் எழுதியவள். 2005இல், கடல் வந்து போன அடுத்த வருடம், கல்லடிப் பக்கம் ஒரு முகாமில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அண்ணனும் தங்கச்சியும், தகப்பன் இல்லை, தாய் சவூதியில். பக்கத்துக் கூடாரத்துப் பெண் 'அவ விட்டிட்டுப் போயிட்டா' என்றாள், நானும் அப்படியே எழுதினேன். பெடியனை ஒரு இல்லத்துக்கும் பெட்டையை இன்னொன்றுக்கும் அனுப்பினார்கள், ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஒரே இல்லத்தில் இருக்க முடியாதாம். ஏழு மாதம் கழித்துத் தாய் வந்தாள். என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஒரு ஷாப்பிங் பேக்கைத் திறந்து, காசு அனுப்பிய துண்டுகளை ஒவ்வொன்றாக என் மேசையில் அடுக்கினாள், மாதம் பிந்தாமல், மூன்று வருடத்துத் துண்டுகள். மை மங்கிய துண்டுகளைத் தனியாக நூலால் கட்டி வைத்திருந்தாள். 'இதில எந்த மாசம் நான் கைவிட்டன்?' என்றாள். பிள்ளைகளைத் திரும்ப எடுக்க அவளுக்குப் பதினொரு மாதம் போனது. என் ஒரு சொல்லுக்கு.

சரி, இனி உன் 'வேற கதை'.

என்ன வேற? உன் அம்மா போனபோது நீ யாரிடம் இருந்தாய்? அம்மம்மாவிடமாகத்தான் இருக்கும். அன்றைக்கு உன் வீட்டு வாசலில் உன்னைப்போல ஒரு உத்தியோகத்தர் ஸ்கூட்டியை நிறுத்தி, எரிச்சலோடு பேனாவைத் திறந்திருந்தால் நீ எங்கே வளர்ந்திருப்பாய்? நம் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் என்பது உனக்குத் தெரியாததா. மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்றுதானே இந்தக் கரையிலிருந்து எத்தனையோ தாய்மார் அடுத்தவன் வீட்டுக் குசினிக்குப் போனார்கள். அந்தக் கூரைக்குக் கீழே இருந்துதான் நீ எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறாய்.

அம்மா உன் சம்பளத்துக்காகத்தான் சண்டை பிடிக்கிறார் என்று நினைக்கிறாயா? இரவில் வந்து சோற்றைப் பிசைந்துகொண்டு 'பிள்ளையை விட்டிட்டுப் போன பொம்பிளைகள்' என்று அன்றைய வேலையைக் கதைக்கும்போது, அடுப்படியில் கறியைச் சூடாக்கிக்கொண்டு நிற்பது யார்? அவருக்குக் காது கேட்கும், மகள். தன்னைத் திட்டும் தொழிலை விடச் சொல்லி ஒரு தாய் சண்டை பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உண்மையாகவே கைவிட்ட தாய்மாரும் இருக்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன். அப்போது அதை ஆதாரத்தோடு எழுது, தயங்காதே. ஆனால் இந்த நாட்டு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டதில் பெரும்பங்கு வறுமைக்கு. 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்று, போகும் பெண்ணின் வீட்டு நிலையைக் காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கொண்டுவந்தார்கள். கட்டாருக்குப் போன எந்தத் தகப்பனிடமும் அந்த அறிக்கையைக் கேட்கவில்லை. அந்த விதி பார்த்த அதே கண்ணால் நீயும் பார்க்கிறாய், பெண்ணாக இருந்துகொண்டு.

அம்மம்மா வயதானவர், பிள்ளையைப் பார்க்க முடியாது என்பது நியாயமான கவலைதான். அதற்கு இல்லத்துக்கு முதல் எத்தனை கதவு இருக்கிறது? தாயின் அக்கா தங்கைகள் அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார்கள், நம் ஊர்க் குடும்பங்கள் அப்படித்தானே. பெரியம்மாவையோ சித்தியையோ பொறுப்பாளராக்க 1939ஆம் ஆண்டின் சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இல்லம் கடைசி வழி என்பதுதான் இன்றைய அரச கொள்கையும். உன் கடிதத்தில் அது முதல் வழியாக இருக்கிறது.

இப்போது அந்த நாலு வரி. அம்மா கேட்கும் அரச வேலையும் நீ கேட்கும் வேலையும் ஒன்றாகவே இருக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று பதவிகள் இருக்கின்றன, வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிரு. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி டிப்ளோமாவும் பட்டப்படிப்பும் இருக்கின்றன, டிசம்பர் வரை காத்திராமல் விசாரி. கலியாணம் உன் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை.

ஆனால் விண்ணப்பம் நிரப்புவதற்கு முதல் இரண்டு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு இருந்து, குவைத்தில் முதல் மாதம் எப்படிப் போனது என்று கேள். இத்தனை வருடத்தில் கேட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். இடையில் பேசாதே, போனையும் பார்க்காதே. திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் அம்மம்மாவிடம் போய், தாயின் நம்பரை வாங்கி, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வட்ஸ்அப் கோல் எடு. தகப்பனையும் தேடிப் போ. பிறகு உன் மேலதிகாரியிடம், அறிக்கையில் பிழை விட்டுவிட்டேன், திருத்த வேண்டும் என்று சொல். வெட்கமாகத்தான் இருக்கும். கோப்பு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முதல் போய்ச் சொல்.